நூறு முடிச்சு ஜெபக் கயிறு: எண்ணங்களைக் காக்க எந்த அளவுக்கு உதவுகிறது?

கறுப்புக் கம்பளி நூலில் 100 முடிச்சுகள், 25 முடிச்சுக்கு ஒன்றாக இடையில் கோத்த சிறு மரமணிகள், இரு முனைகளும் சேருமிடத்தில் அதே நூலால் பின்னிய ஒரு சிலுவை, அதன் அடியில் ஒரு குஞ்சம். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் துறவிகள் பல நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் ஜெபக் கயிறு என்பது இவ்வளவுதான். கிரேக்க நாட்டில் ஒரு பெண் துறவியர் மடத்தில் முடியப்பட்ட கயிறு ஒன்றை உறவினர் மூலம் வரவழைத்து, சில காலமாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இணையக் கடை ஒன்றிலிருந்து விலை மலிவான செயற்கை நூல் கயிறு ஒன்றையும், மணிக்கட்டில் அணியும் 33 முடிச்சுச் சிறு கயிறு ஒன்றையும் வாங்கினேன். இந்த மதிப்புரை அந்த மூன்றையும் பற்றியது. நான் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவன் அல்லன்; திருநெல்வேலிப் பக்கத்தில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். ஆகவே இதை ஒரு திருச்சபையின் சடங்குப் பொருளாக எடை போடும் தகுதி எனக்கில்லை. மனத்தைக் காவல் செய்ய உதவும் கருவி என்று இதைப் பற்றிச் சொல்கிறார்களே, அது உண்மைதானா என்ற ஒரே கேள்வியோடுதான் இதைப் பார்த்திருக்கிறேன்.

நம் சபைகளில் ஆவிக்குரிய யுத்தம் என்றதும் பெரும்பாலும் ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வருகிறது. கன்வென்ஷன் பந்தலில் பொல்லாத ஆவிகளைக் கட்டி ஜெபிப்பதும், ‘இயேசுவின் இரத்தம் ஜெயம்’ என்று கூட்டமாக முழங்குவதும், விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகள் தலைச்சீராவையும் கேடகத்தையும் அட்டையில் வெட்டி ஒட்டுவதும் நமக்குப் பழகிய காட்சிகள். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் தேவன் தரும் முழுப் போர்க்கவசமாகிய சர்வாயுத வர்க்கத்தைப் பற்றி எபேசியருக்கு எழுதிய பவுலே கொரிந்தியருக்கு எழுதுகையில் போர்க்களத்தை இன்னும் அருகில் கொண்டுவந்து வைக்கிறார். எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறோம் என்கிறார். பந்தலில் பிசாசைத் துரத்திவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே, பங்காளி என்றோ பேசிய ஒரு சொல் நினைவுக்கு வந்து நெஞ்சு கொதிக்கத் தொடங்கினால் அப்போது என்ன செய்வது என்பதை அங்கே யாரும் கற்றுத் தருவதில்லை. ஜெபக் கயிறு அந்தக் கேள்விக்கு விடை தேடிய மனிதர்களின் கையில் வளர்ந்த பொருள் என்பதால், அவர்கள் என்ன கண்டார்கள் என்பதைச் சொல்லாமல் கயிற்றின் நிறைகுறைகளைச் சொல்ல முடியாது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்புகழ், பெருமை. பிற்காலத்தில் மேற்கத்திய திருச்சபை ஏழு தலையான பாவங்கள் என்று கற்பித்த பட்டியலின் வேர் இதுதான். யோவான் கசியான் என்ற துறவி இதை மேற்கே கொண்டுசென்றார், ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பு கிரகோரி இதைத் திருத்தி அமைத்தார். ஆனால் எவாக்ரியுஸ் எழுதியது பாவங்களின் பட்டியல் அன்று, எண்ணங்களின் பட்டியல். செயலுக்கு முன்னால், வாசற்படியிலேயே நிற்கும்போது ஒவ்வொரு எண்ணமும் எப்படித் தோன்றுகிறது, எந்த நேரத்தில் வருகிறது, யாரிடம் என்ன பேசுகிறது என்று அவர் குறித்து வைத்திருப்பதைப் படித்தால், தம் மனத்தை இவ்வளவு கூர்ந்து கவனித்த ஒருவரா என்று வியப்பு உண்டாகிறது. சலிப்பின் பிசாசு காலை பத்து மணியளவில் வந்து பிற்பகல் இரண்டு மணி வரை துறவியை முற்றுகையிடும் என்கிறார். அது சூரியன் நகரவே இல்லை என்பதுபோல் காட்டும், உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வெளியே வந்து நிழலைப் பார்க்க வைக்கும், யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்க்க வைக்கும் என்கிறார். பதினொரு மணிக்கு அலுவலக மேசையில் உட்கார்ந்து காரணமில்லாமல் கைப்பேசியை எடுத்து எடுத்து வைக்கும் எவருக்கும் இந்தப் பிசாசைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாதிருப்பதும் நம் கையில் இல்லை, அவை நம்மிடம் தங்குவதும் தங்காதிருப்பதும்தான் நம் கையில் இருக்கிறது என்பது எவாக்ரியுஸின் அடிப்படைப் போதனை. ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தின் தலைவராயிருந்த யோவான் கிளிமாக்குஸ் இதை இன்னும் நுட்பமாகப் படிப்படியாக விளக்குகிறார். முதலில் ஒரு சொல்லோ உருவமோ மனத்தில் வந்து விழுகிறது; அதில் பாவம் இல்லை. பிறகு நாம் அதனோடு பேச்சுக் கொடுக்கிறோம். பிறகு இன்பத்தோடு இசைகிறோம். பிறகு அது நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. கடைசியில் அது நம்மிடமே குடியிருக்கும் பழக்கமாகிவிடுகிறது. என் பார்வையில், எண்ணங்களைக் காப்பது பற்றி எழுதப்பட்டவற்றில் இந்தப் பகுப்பைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஏனென்றால் கெட்ட எண்ணம் வந்ததற்காகவே தன்னை நொந்துகொள்ளும் விசுவாசிக்கு, வந்தது வேறு, வரவேற்றது வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது.

எண்ணத்தை எதிர்கொள்ளும் வழியிலும் அந்த மரபில் இரண்டு பாதைகள் உண்டு. வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட ஆண்டவர் மூன்று முறையும் உபாகமத்து வசனங்களாலேயே பதிலளித்தார். அதைப் பின்பற்றி, ஒவ்வொரு வகை எண்ணத்துக்கும் இன்ன வசனத்தால் எதிர்த்துப் பேசு என்று எவாக்ரியுஸ் ஒரு முழுத் தொகுப்பே செய்தார். ஆனால் ஆறாம் நூற்றாண்டில் காசா அருகே வாழ்ந்த பர்சனூப்பியுஸ் என்ற மூத்த துறவி, எண்ணங்களோடு எதிர்வாதம் செய்வது பலமுள்ளவர்களுக்கு உரியது என்றும், நம்மைப் போன்ற பலவீனர்களுக்கு இயேசுவின் நாமத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்வதே வழி என்றும் அறிவுரை எழுதினார். கோபத்தோடு வாதாடத் தொடங்கினால், வாதத்தின் முடிவில் கோபமே வென்றிருப்பதை அனுபவத்தில் கண்டவர்களுக்கு இதன் நியாயம் புரியும். ஜெபக் கயிறு இந்த இரண்டாம் பாதைக்கான கருவி. ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய எனக்கு இரங்கும்’ என்ற ஒரே ஜெபத்தை ஒவ்வொரு முடிச்சிலும் ஒருமுறை சொல்லி, விரலை அடுத்த முடிச்சுக்கு நகர்த்துவதுதான் அதன் பயன்பாடு. ரஷ்ய மரபில் துறவறப் பட்டம் பெறும் சகோதரருடைய கையில் இந்தக் கயிற்றைக் கொடுக்கும்போது, ஆவியின் பட்டயத்தை, அதாவது வாளை, பெற்றுக்கொள் என்று எபேசியர் நிருபத்துச் சொற்களாலேயே கொடுக்கிறார்கள். பட்டயம் என்ற சொல்லுக்கு இவ்வளவு மெத்தென்ற ஒரு பொருளை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இனி பொருளுக்கு வருகிறேன். மடத்திலிருந்து வந்த கயிற்றின் முடிச்சு ஒவ்வொன்றும் காய்ந்த பட்டாணி அளவு இருக்கிறது. இது நாம் பூக் கட்டும்போதோ மூட்டை கட்டும்போதோ போடும் சாதாரண முடிச்சு அன்று. நூலை இடது கை விரல்களில் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல சிலுவை வடிவங்கள் விழும்படி பின்னி இறுக்கியது. முதலில் துறவிகள் கயிற்றில் எளிய முடிச்சுகளைப் போட்டபோது பிசாசு வந்து அவற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்ததாகவும், அவிழ்க்க முடியாத இந்தச் சிலுவை முடிச்சு எகிப்தின் ஆதித் துறவியான வனத்து அந்தோணியாருக்குத் தரிசனத்தில் கற்பிக்கப்பட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அவரைப் போன்ற இன்னோர் எகிப்தியத் துறவியான பக்கோமியுசுக்குக் கற்பிக்கப்பட்டது என்று சொல்வோரும் உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், ஆனால் முடிச்சு அவிழாது என்பது உண்மை. நகத்தால் நெம்பிப் பார்த்தும் ஓர் இழைகூட விலகவில்லை. அதைவிட முக்கியமானது, முடிச்சு தன் இடத்தைவிட்டு நகராது. மணிமாலையில் மணிகள் நூலின்மேல் வழுக்கி ஓடும். இங்கே ஒவ்வொரு முடிச்சையும் விரல் தேடிச்சென்று பிடிக்க வேண்டியிருக்கிறது. கம்பளி கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதால் அந்தத் தேடல் இயல்பாகவே மெதுவாகிறது. கறுப்பு நிறம் பாவத்துக்கான துக்கத்தையும், கம்பளி கிறிஸ்துவின் மந்தையையும், குஞ்சம் கண்ணீரைத் துடைப்பதையும் குறிக்கும் என்பது மரபு விளக்கம். ஓசையே இல்லாதது இதன் தனிச்சிறப்பு என்று நான் சொல்வேன். பேருந்தில் சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு ஜெபித்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

தமிழில் முழு ஜெபத்தையும் நிதானமாகச் சொன்னால் 100 முடிச்சுக்கு ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆகிறது. ‘இயேசுவே, எனக்கு இரங்கும்’ என்று சுருக்கினால் நேரம் பாதியாகக் குறைகிறது, ஆனால் விரல்கள் நாவுக்கு முன்னால் ஓடத் தொடங்குகின்றன; ஆகவே தொடக்கத்தில் முழு வடிவமே நல்லது. எதிர்பார்த்ததற்கு மாறாக, இந்தக் கயிறு மனத்தைக் கட்டிப் போடுவதில்லை. விடியற்காலையில் வெளித்திண்ணையில் உட்கார்ந்து முதல் பத்து முடிச்சுகளைக் கடப்பதற்குள்ளேயே, குடும்பத்துப் பாகப்பிரிவினையில் நடந்த ஒரு பேச்சு நினைவுக்கு வரும். அது முதலில் ஒரு முகம் மட்டுமே. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு முடிச்சுகள் போகும். அடுத்து, அன்று நான் சொல்லாமல் விட்ட பதில் சொல்லாய் உருவாகும். பதில் நன்றாகவே அமைந்துவிட்டால் அதை இன்னொரு முறை சொல்லிப் பார்க்கத் தோன்றும். அதற்குள் வாயிலிருந்த ஜெபம் நின்றுவிட்டிருக்கும், ஆனால் விரல்கள் மட்டும் ஒழுங்காக முடிச்சு முடிச்சாக நகர்ந்துகொண்டே இருக்கும். கிளிமாக்குஸ் பிரித்துக் காட்டிய படிகள் எல்லாம் எட்டுப் பத்து முடிச்சுகளின் நீளத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. விரல் இயங்கிக்கொண்டே இருப்பதால் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்ற மயக்கம் உண்டாவதே இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை. இதைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இந்தக் குறையைச் சொல்வதில்லை.

அந்தக் குறைக்கு மருந்தும் கயிற்றிலேயே இருக்கிறது என்பதால்தான் இதை நான் பரிந்துரைக்கிறேன். 25-ஆம் முடிச்சுக்குப் பின் விரலுக்குக் கம்பளி கிடைப்பதில்லை. குளிர்ச்சியான, வழவழப்பான ஒரு மரமணி கிடைக்கிறது. பாகப்பிரிவினையில் மூழ்கிக் கிடந்த மனம் அந்தத் தொடு உணர்ச்சியின் மாற்றத்தில் திடுக்கிட்டு விழிக்கிறது. எங்கே போயிருந்தேன், எப்போது போனேன், எதன் பின்னால் போனேன் என்று அந்தக் கணத்தில் தெளிவாகத் தெரிகிறது. தெரிந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே: போனதற்காக வருந்திக்கொண்டு உட்காராமல், எண்ணத்துக்குப் பதில் சொல்லாமல், அந்த மணியிலிருந்தே ஜெபத்தை மறுபடி தொடங்க வேண்டும். இதைப் பழகப் பழக, மணி வருவதற்கு முன்பே, முகம் தோன்றிய அந்த முதல் முடிச்சிலேயே விழிப்பு வருவதுண்டு. எப்போதும் வருவதில்லை, ஆனால் முன்பைவிட அடிக்கடி வருகிறது. கோபத்தின் எண்ணத்தை வென்றுவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். அது எந்த வாசல் வழியாக, என்ன வேடத்தில் நுழைகிறது என்பதை இப்போது அறிவேன். எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள் என்ற நீதிமொழிகள் வசனத்தைச் சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவந்தாலும், காவல் என்பது வருகிறவனை அடையாளம் காணும் வேலை என்பதை ஒரு மரமணிதான் எனக்கு உணர்த்தியது. சில மடங்கள் மணியே இல்லாமல் வெறும் முடிச்சுகளோடு கயிறு செய்கின்றன. தேர்ந்த துறவிகளுக்கு அது போதும். நமக்கு மணி அவசியம்.

செயற்கை நூல் கயிற்றை வாங்காதீர்கள். பார்வைக்கு அது பளபளப்பாகவும் முடிச்சுகள் ஒரே சீராகவும் இருக்கின்றன, விலையும் கம்பளிக் கயிற்றின் விலையில் கால்பங்குதான். ஆனால் சாட்டின் நூல் என்பதால் விரல் வழுக்கி இரண்டு மூன்று முடிச்சுகளை ஒரே நேரத்தில் தாண்டிவிடுகிறது. மணிகளும் முடிச்சுகளைப் போலவே வழவழப்பாக இருப்பதால் தொடு உணர்ச்சியில் வேறுபாடு தெரிவதில்லை. மேலே நான் சொன்ன விழிப்பு அங்கே நிகழ்வதே இல்லை. போதாக்குறைக்கு ஆவணி மாத வெயிலில் சட்டைப்பையில் வைத்திருந்தபோது சாயம் வேறு இறங்கிவிட்டது. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

கைப்பேசியிலும், விரலில் மாட்டிக்கொள்ளும் சிறு மின்னணு எண்ணிகளிலும் ஜெபங்களை எண்ணுவோரும் இருக்கிறார்கள். அது எனக்கு உகந்ததாகப் படவில்லை, அதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய யாத்திரிகன் ஒருவனைப் பற்றிய புகழ்பெற்ற வரலாற்றில், அவனுடைய வழிகாட்டி நாளொன்றுக்கு 3,000 ஜெபம், பிறகு 6,000, பிறகு 12,000 என்று ஏற்றிக்கொண்டே போகிறார். அதைப் படித்தவர்களுக்கு எண்ணிக்கையின்மேல் ஓர் ஆசை வந்துவிடுகிறது. ஆனால் எவாக்ரியுஸின் பட்டியலில் வீண்புகழ் ஏழாவதாக நிற்பது தற்செயல் அன்று. மற்ற எண்ணங்களைத் தோற்கடித்தவனிடம்தான் அது வந்து சேர்கிறது. மின்னணு எண்ணியின் திரையில் நேற்றைவிட இன்று அதிகம் என்ற கணக்கு தெரிகிறபோது, கோபத்தை விரட்டிய கையாலேயே வீண்புகழுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். கயிற்றுக்கு நினைவாற்றல் கிடையாது. நூறாவது முடிச்சு முடிந்ததும் சிலுவை வருகிறது, அதைக் கடந்தால் மறுபடி முதல் முடிச்சு. நேற்று எத்தனை சுற்று என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது. இது பழைய கருவியின் குறைபாடு என்று நினைப்போர் இருக்கலாம், என் கணக்கில் இதுவே அதன் மிகச் சிறந்த அம்சம்.

மணிக்கட்டில் அணியும் 33 முடிச்சுக் கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆண்டவர் இப்பூமியில் வாழ்ந்த ஆண்டுகளை நினைவூட்டும் எண்ணிக்கை அது. தரத்திலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ்நாட்டில் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு என்றால் கண்ணேறு கழிப்பதற்கோ காற்றுக் கருப்பு அண்டாமல் இருப்பதற்கோ மந்திரித்துக் கட்டியது என்றுதான் பொருள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, மாதர் சங்கத்து மூத்த அம்மா ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு ஓரமாக அழைத்தார். “என்ன தம்பி, கையில கயிறு கட்டியிருக்க? யாருகிட்டயும் போயி மந்திரிச்சியா?” என்று கேட்டபோது அவர் குரலில் கண்டிப்பைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. “இல்லம்மா, இது ஜெபம் பண்றதுக்கு” என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப அத பையில வச்சிக்கிட்டா போதாதாப்பா?” என்றார்.

அவர் சொன்னதில் ஞானம் இருக்கிறது. கயிற்றை அணிந்திருப்பதாலேயே பாதுகாப்பு என்று ஒரு கணம் நினைத்தாலும் அது தாயத்து ஆகிவிடும். தாயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் நாம். அந்த மரபின் துறவிகளும் கயிற்றை நகையாக அணிவதை ஊக்குவிப்பதில்லை. சிறு கயிற்றை வாங்கினால் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரையும்.

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையார் அடுத்ததாக எழுப்பும் கேள்வி, இது வீண்வார்த்தைகளை அலப்புவது ஆகாதா என்பது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் தடுத்தது, அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்ற நினைப்பை. ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்வதையே அவர் தடுத்திருந்தால், கெத்செமனேயில் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று அதே மத்தேயு எழுதியிருக்க மாட்டார். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்ற அடி திரும்பத் திரும்ப வருகிறது, அதை நாம் ஆராதனையில் மாறி மாறிச் சொல்லும்போது யாரும் சலித்துக்கொள்வதில்லை. கயிற்றில் சொல்லும் ஜெபத்தின் கடைசிப் பகுதி, ஆலயத்தில் தூரத்திலே நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் ஜெபம்தான். இத்தனையும் சொன்ன பிறகும், நான் மேலே குறிப்பிட்டபடி விரல் மட்டும் ஓடி மனம் வேறெங்கோ அலைந்தால் அது அலப்புதலே. அந்த எச்சரிக்கையைக் கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

கத்தோலிக்க நண்பர்கள் ஜெபமாலையோடு இதை ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். ஜெபமாலையில் கிறிஸ்துவின் வாழ்விலிருந்து ஒவ்வொரு மறையுண்மையையும் மனக்கண்ணில் நிறுத்தித் தியானிக்கிறோம். இந்தக் கயிற்றின் மரபோ, ஜெபிக்கும்போது எந்த உருவத்தையும் மனத்தில் வரையாதே, பரிசுத்தமான காட்சியாயினும் அதற்கு இடம் கொடாதே என்று வலியுறுத்துகிறது. காட்சிகளின் வழியாகத்தான் ஏமாற்று நுழையும் என்பது அதன் அனுபவம். கற்பனை வளம் மிகுந்தவர்களுக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். கோபமும் காமமும் உருவங்களாகவே வருகிறவை என்பதால், எண்ணங்களைக் காக்கும் வேலைக்கு இந்த வறட்சி ஏற்றதாகவே இருக்கிறது.

யாருக்கு இது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டில் துறவியர் மடங்கள் நிறைந்த ஆத்தோஸ் மலையின் துறவிகள் மூச்சை ஜெபத்தோடு இணைத்து, தலை கவிழ்ந்து, இருதயத்தில் கவனத்தை ஊன்றும் முறையைக் கையாண்டார்கள். அதைப் பழித்த பார்லாம் என்பவருக்கு எதிராக ஆத்தோஸ் துறவி கிரகோரி பலமாஸ் எழுதினார், 1341-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் பலமாஸின் பக்கம் நின்றது. அந்த முறைகள் 1782-இல் வெனிஸ் நகரில் அச்சான, ஜெபம் பற்றிய துறவிகளின் எழுத்துகளைத் திரட்டிய பிலோக்காலியா தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் தேர்ந்த வழிகாட்டி ஒருவரின் கண்பார்வையில் இல்லாமல் அவற்றில் இறங்க வேண்டாம் என்று அந்த மரபின் பெரியவர்களே தடுக்கிறார்கள். காணொளியைப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்வதற்காக இந்தக் கயிற்றை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். அதேபோல், விரும்பாத எண்ணங்கள் ஓயாமல் மீண்டும் மீண்டும் வந்து, கையைக் கழுவியதையே கழுவவும், எண்ணியதையே எண்ணவும், ஜெபத்தில் ஒரு சொல் தவறிவிட்டது என்று முதலிலிருந்து தொடங்கவும் ஒருவரை உந்துமானால், அவருக்கு எண்ணிக்கையோடு கூடிய எந்தக் கருவியும் நன்மை செய்யாது. அவர் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், சபை ஆயரும் அவரை அங்கேதான் அனுப்ப வேண்டும். அந்த வேதனையைப் பிசாசின் பிடி என்று சொல்லி உபவாசக் கூட்டத்துக்கு இழுத்துச் செல்வது கொடுமை.

பராமரிப்பு பற்றிச் சில செய்திகள். கம்பளி குளிர்நாட்டுப் பொருள். நம் கோடையில் உள்ளங்கை வியர்த்தால் முடிச்சுகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கனக்கின்றன, இரண்டு மூன்று மாதங்களில் லேசான வாடையும் வருகிறது. தண்ணீரில் சிறிது ஷாம்பூ கலந்து ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்தினால் பழைய நிலைக்கு வருகிறது. வெந்நீர் கூடாது, சலவை இயந்திரம் கூடவே கூடாது. பயன்படுத்தப் பயன்படுத்தக் கயிறு சற்றே நீளும், முடிச்சுகள் விரலுக்குப் பழகி மெருகேறும். புதிதில் இருந்த சொரசொரப்பு குறைந்தாலும் மணிக்கும் முடிச்சுக்கும் உள்ள வேறுபாடு மங்கவில்லை. குஞ்சம் மட்டும் நாளடைவில் இழை இழையாகப் பிரிகிறது, நுனியைக் கத்தரியால் சீராக்கிக்கொள்ளலாம்.

விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒவ்வொரு முடிச்சையும் ஒரு துறவி கையால் முடிகிறார், முடியும்போது அவரும் அதே ஜெபத்தைச் சொல்கிறார் என்பதை நினைத்தால் பேரம் பேசத் தோன்றவில்லை. பெண்கள் நேரில் போய் வாங்க விரும்பினால் ஆத்தோஸ் மலைக்குள் அவர்களுக்கு அனுமதி இல்லை என்பது நினைவிருக்கட்டும். பெண் துறவியர் மடங்களிலும் இதே தரத்தில் செய்கிறார்கள். முதன்முதலாக வாங்குவோருக்கு 100 முடிச்சைவிட 50 முடிச்சுக் கயிறே பொருத்தம், சட்டைப்பையிலும் கைப்பையிலும் அடங்கும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நூல் முழுக்கக் கம்பளிதானா, முடிச்சு கையால் போட்டதுதானா, இடைமணி மரமா பிளாஸ்டிக்கா. 50 முடிச்சுக் கயிற்றில் 25-ஆவதுக்குப் பின் ஒரே ஒரு மணிதான் வரும். பத்து முடிச்சுக்கு ஒரு மணி வைத்துத் தருவோரும் உண்டு, மனம் எளிதில் அலையும் இயல்புள்ளவர்கள் அதையே கேட்டு வாங்கலாம்.